எவ்வளவு காட்டலாம்?

மார்ச் பிறந்துவிட்டால் மதுரைக் கடைவீதிகளில் வெயிலோடு சேர்ந்து ஒரு கேள்வியும் ஏறும். "இந்த வருடம் எவ்வளவு காட்டலாம்?" கீழமாசி வீதிப் பலசரக்குக்காரரும் கேட்பார், டவுன்ஹால் ரோட்டு ரெடிமேட் கடைக்காரரும் கேட்பார், செல்லூரில் இரண்டு தறி வைத்திருப்பவரும் கேட்பார். சிறு கடைகளுக்குக் கணக்கெழுதிப் பிழைக்கிற என்னைப் போன்றவர்களிடம் வரித் திட்டமிடல் என்ற பெயரில் வந்து சேருவது பெரும்பாலும் இந்த ஒரு கேள்விதான். எவ்வளவு சம்பாதித்தோம் என்று கேட்பவர் அரிது. அதை ஏதோ அவருக்கும் அவர் கல்லாப்பெட்டிக்கும் இடையிலான அந்தரங்கம் போல வைத்துக்கொண்டு, வெளியே எந்த எண்ணை அனுப்புவது என்று மட்டும் யோசனை கேட்கிறார்கள்.

தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் பதிலும் மாறாது. "எட்டு போட்டுவிடுங்கள்." விற்பனை 2 கோடிக்குள் இருந்தால், கணக்குப் புத்தகம் தணிக்கை எதுவும் இல்லாமல் விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டிவிட்டுப் போகலாம், வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ வந்த பணத்துக்கு 6 சதவீதம் போதும். ரொக்கம் ஐந்து சதவீதத்தைத் தாண்டாதவர்களுக்கு அந்த வரம்பு 3 கோடி. வருமான வரிச் சட்டத்தில் 44ஏடி என்று நாங்கள் நாள்தோறும் உச்சரிக்கும் பிரிவு இது. 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் எண் வேறு. "எட்டு போடுங்கள்" மாறாது.

நல்ல ஏற்பாடுதான். தனியாளாகக் கடை நடத்துபவரை ரசீது சேர்க்கச் சொல்லிப் படுத்தாமல் விட்டார்களே என்பதில் எனக்கு நன்றிகூட உண்டு. உறுத்துவது வேறு. அந்த எட்டு, தரைமட்டம். அதற்கு மேல் சம்பாதித்திருந்தால் மேலே உள்ளதைக் காட்ட வேண்டும் என்பதற்கும் அதே பிரிவிலேயே இடம் இருக்கிறது. நம் ஊரிலோ அது கூரையாகிவிட்டது. எவர்சில்வர் பாத்திரத்தை மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்பவருக்கு எட்டு ஏறக்குறைய உண்மையாக இருக்கலாம். ரவிக்கை தைக்கும் கடைக்கு? துணி வாடிக்கையாளருடையது, செலவு நூலும் கூலியும் மின்சாரமும். அங்கே எட்டு சதவீதம்தான் லாபம் என்றால் அந்தத் தையல்காரர் எப்போதோ ஊரைவிட்டுப் போயிருப்பார். இருந்தும் அவருக்கும் எட்டு, பாத்திரக்காரருக்கும் எட்டு.

இப்படிக் குறைத்துக் காட்டுவது தப்பா சரியா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. சட்டப்படி தப்பு, அதில் பேச ஒன்றுமில்லை. என்னை விடாமல் அரித்தது, குறைத்துக் காட்டியதால் உண்மையில் எவ்வளவு மிச்சமானது என்ற கணக்குதான். அதை யாருமே போட்டுப் பார்ப்பதில்லை. நான் போட்டுப் பார்க்க நேர்ந்தது ஓர் அப்பளக் கம்பெனியில்.

மழைக்கு முன்னால் ஒரு கடன்

ஜெய்ஹிந்துபுரத்துப் பக்கம் அப்பளம் போடும் அக்கா ஒருவர். கணவர் காலமான பிறகு தொழிலைத் தானே எடுத்து நடத்துபவர். விடியற்காலையில் உளுந்து மாவைப் பிசைந்து, உருட்டி, வெட்டி, எட்டு மணிக்குள் மொட்டைமாடியில் விரித்துவிட வேண்டும். சித்திரை வைகாசியில் பிரச்சினை இல்லை. அதிகம் காய்ந்தால் ஓரம் உடைகிறதே என்ற கவலைதான். ஐப்பசி பிறந்தால் கதை வேறு. மேகம் கூடும்போதெல்லாம் மாடியில் ஓட்டம். அரைக்காய்ச்சலில் அள்ளி அடுக்கிய அப்பளத்தில் இரண்டே நாளில் பூஞ்சை புள்ளி வைத்துவிடும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் ஊருக்கு மகிழ்ச்சி, இந்தத் தெருவுக்கு நஷ்டம். அதனால் உலர்த்தும் இயந்திரமும் அதற்கொரு கொட்டகையும் போட ஆசைப்பட்டார். மொத்தம் 12 லட்சம். 2 லட்சம் கைப்பணம், 10 லட்சம் வங்கிக் கடன். குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கென்று 2020ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில், வங்கி கடன் கொடுத்தால் திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம் இருந்தது, உச்சவரம்பு 10 லட்சம். அக்காவின் கணக்குக்கு அது 4,20,000 ரூபாய். வங்கி கடன் கொடுத்தால் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு மழைக்கு முன்னால் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். மேலாளர் இளைஞர், அவசரமில்லாதவர். அக்காவின் வருமான வரி ரிட்டர்னைப் புரட்டிவிட்டுக் கால்குலேட்டரை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"அம்மா, 11 சதவீத வட்டிக்கு ஐந்து வருடத் தவணை என்றால் மாதம் 21,700 ரூபாய் வரும். வருடத்துக்கு 2,60,000. உங்கள் வருமானம் 3,04,000 என்று போட்டிருக்கிறது. மீதி 44,000. வீட்டில் எத்தனை பேர்?"

"ஆறு பேர் சார்."

"வருடம் முழுவதும் ஆறு பேர் 44,000 ரூபாயில் சாப்பிடுகிறீர்களா?"

"அது கணக்குக்காகப் போட்டது சார்," என்றார் அக்கா, வெகு இயல்பாக.

மேலாளர் சிரிக்கவில்லை. வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து ரிட்டர்னுக்குப் பக்கத்தில் வைத்தார். "இங்கே வரவு 41 லட்சம். அங்கே மொத்த விற்பனையே 38 லட்சம். இரண்டில் எதை நான் மேலே அனுப்பட்டும்?"

எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. அக்கா பொய்க் கணக்கு காட்டியிருந்தார் என்பது புதிதல்ல. பொய் சொல்வதற்கான காரணமாவது உருப்படியானதா என்பதுதான் கேள்வி. மறுநாள் அவருடைய நாட்குறிப்புகளையும் உளுந்துக்கடைப் பில்களையும் கூலி நோட்டையும் வாங்கிவந்து உட்கார்ந்தேன். ரொக்கத்தில் வந்ததையும் சேர்த்தால் விற்பனை 46 லட்சம். செலவெல்லாம் போக நின்றது ஏறக்குறைய 6,90,000. இதற்கு வரி எவ்வளவு? 2023-24ஆம் நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 7 லட்சம் வரை வரி கிடையாது. 2025-26க்கு அந்த வரம்பை 12 லட்சமாகவே உயர்த்திவிட்டார்கள். ஆகவே உள்ளதை உள்ளபடி காட்டியிருந்தாலும் இந்த மூன்று வருடங்களில் அக்கா கட்ட வேண்டியிருந்த வருமான வரி, ஒரு ரூபாய்கூட இல்லை. எதை மிச்சப்படுத்த அந்த வருடங்களில் 3 லட்சம் காட்டினார்? எதையும் இல்லை. எதை இழந்தார்? அந்த மழைக்காலத்துக்கான இயந்திரத்தையும் 4,20,000 ரூபாய் மானியத்தையும்.

நாற்பது என்ற பூச்சாண்டி

"சரி, வருமானத்தை விடு தம்பி. விற்பனையை 40 லட்சத்துக்கு மேல் காட்டினால் ஜிஎஸ்டிக்காரர்கள் வந்துவிடுவார்களே?" என்று கேட்டார் அக்கா. 38 லட்சம் என்ற எண்ணின் பிறப்பு ரகசியம் இதுதான். வருடாவருடம் 38, 38.5, 39 என்று நாற்பதின் வாசற்படியில் நின்றபடியே அவர் தொழில் வளராமல் இருந்தது, காகிதத்தில்.

அப்பளத்துக்கு ஜிஎஸ்டியே கிடையாது. வரிவிலக்குப் பொருளை மட்டும் விற்பவர் 46 லட்சம் விற்றாலும் 96 லட்சம் விற்றாலும் பதிவு செய்ய வேண்டியதில்லை. அந்தச் சலுகைக்கு ஒரு விலை உண்டு: வாங்கும் இயந்திரத்துக்குக் கொடுக்கும் வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அது செலவோடு சேர்ந்துவிடும். ஆனால் நாற்பது லட்சத்தைக் கண்டு இவர் அஞ்ச வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இல்லாத நாய்க்குப் பயந்து தெருவைச் சுற்றிப் போன கதை.

இந்தப் பயத்துக்கு 2025 ஜூலையில் பெங்களூருவிலிருந்து நன்றாக எண்ணெய் ஊற்றினார்கள். யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைகளுக்குக் கர்நாடக வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியதும், அங்கே கடைகளில் 'யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்று அட்டை தொங்கியதும் செய்தியில் வந்தது. அதைப் படித்துவிட்டு இங்கேயும் சிலர் கியூஆர் அட்டையைக் கழற்றி உள்ளே வைத்தார்கள். வங்கி வழி வரவுக்கு 6, ரொக்கத்துக்கு 8 என்பதை மறந்துவிட்டார்கள். சேமிப்புக் கணக்கில் வருடத்துக்கு 10 லட்சமும் நடப்புக் கணக்கில் 50 லட்சமும் ரொக்கம் கட்டினால் வங்கியே வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும் என்பதையும் மறந்துவிட்டார்கள். ரொக்கம் என்றால் கண்ணுக்குத் தெரியாதது என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை.

இதே ஆட்கள் ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரியை முதல் ஆளாகக் கட்டிவிட்டு, நோட்டீஸில் பெயர் வந்திருக்கிறதா என்று தேடுவார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. கண்ணுக்கு முன்னால் பந்தல் நிற்கிறது, கரகாட்டம் நடக்கிறது. கொடுத்தது எங்கே போனது என்று தெரிகிறது.

மொய் நோட்டு

கைப்பணம் 2 லட்சத்துக்கு அக்கா காட்டிய வழி, பேரனின் காதணி விழாவில் வந்த மொய். அந்த மொய் நோட்டை நான் பார்த்தேன். பெயர், ஊர், தகப்பனார் பெயர், தொகை, பழைய மொய் எவ்வளவு, புதியது எவ்வளவு, எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில். பதினைந்து வருடத்துக்கு முந்தைய நோட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறார். உசிலம்பட்டி வழிச் சொந்தம். திருப்பிச் செய்யத் தவறினால் மானம் போய்விடும். ஒரு தணிக்கையாளர் பார்த்தால் கண்ணீர் விடுவார். அதே கையால் எழுதிய கடை நாட்குறிப்பில் பாதி நாள் வெற்று.

மொய்க்கும் வரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காக. சொந்தக் கல்யாணத்துக்கு வரும் அன்பளிப்புக்கு மணமக்களுக்கு முழு விலக்கு. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, வீடு குடிபுகுதல் எதற்கும் அந்த விலக்கு இல்லை. சட்டம் உறவினர் என்று ஏற்கும் வட்டம் கொடுத்தால் எவ்வளவானாலும் வரி இல்லை. பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் அந்த வட்டத்தில் வருவதால் தாய்மாமன் மருமகனுக்குப் போடும் சங்கிலி தப்பித்தது. ஒன்றுவிட்ட அண்ணன், சம்பந்தி வகை, தெருக்காரர், உளுந்துக்கடைக்காரர் எழுதியதெல்லாம் சேர்ந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி. (மொய் அன்பளிப்பே அல்ல, திருப்பித் தர வேண்டிய கடன் என்று உசிலம்பட்டிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சட்டத்துக்கு அந்தப் பக்கம் பஸ் போவதில்லை.)

அக்காவுக்கு உறவு வட்டத்துக்கு வெளியே வந்தது ஏறக்குறைய இரண்டரை லட்சம். "மொய்யைக் காட்டாதே" என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். கூட்டிப் பாருங்கள்: 6,90,000 உடன் 2,50,000 சேர்த்தால் 9,40,000. பன்னிரண்டுக்குள். இதற்கும் வரி இல்லை. காட்டாமல் வங்கியில் கட்டினால்தான், எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

பன்னிரண்டு லட்சத்தை ஒட்டி நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு ரூபாய் கூடிவிட்டால் அறுபதாயிரம் போய்விடும் என்று நடுங்குகிறார்கள். போகாது. 12,10,000 வருமானம் என்றால் விளிம்புநிலை நிவாரணத்தின்படி வரி, கூடுதலாகச் சம்பாதித்த 10,000 தான், அதோடு 4 சதவீத செஸ். நிலம், நகை விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கு மட்டும், பன்னிரண்டு வரை வரி இல்லை என்ற இந்தத் தள்ளுபடி கைகொடுக்காது. அவர்கள் விற்பதற்கு முன்னால் வந்து கேட்பது நல்லது, விற்ற பிறகு வருகிறார்கள்.

பெரியவரின் தரப்பு

அக்காவுக்குப் பல வருடமாக ரிட்டர்ன் போட்டுக்கொடுத்தவர் எனக்கும் தெரிந்த பெரியவர். மரியாதைக்குரியவர், கட்டணமும் அதிகம் வாங்காதவர். அவரிடம் இதைப் பேசாமல் அக்காவின் கணக்கைக் கையில் எடுப்பது முறையல்ல என்று போய்ப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. விற்பனை வரிக் காலத்தில் தொழில் கற்றவர். 2007ல் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி வந்ததையும் 2017ல் ஜிஎஸ்டி வந்ததையும் ஃபைல்களோடு கடந்து வந்தவர்.

"தம்பி, இன்றைக்குப் பன்னிரண்டு வரை வரி இல்லை என்கிறார்கள். நாளைக்கு ஒரு பட்ஜெட்டில் அதை எடுத்துவிட்டால்? ஏற்றிக் காட்டிய வருமானத்தைப் பிறகு இறக்கினால் ஏன் இறங்கியது என்று கேட்பார்கள். மூன்றிலிருந்து திடீரென்று ஏழுக்குப் போனால் பழைய வருடத்தையும் தோண்டுவார்கள். நான் இவர்களுக்கு வரியை மிச்சம் பிடித்துத் தரவில்லை. நிம்மதியை மிச்சம் பிடித்துத் தந்தேன்."

இதை எளிதில் தள்ள முடியவில்லை. ஏழுக்குத் தாவினால் கேள்வி வரலாம் என்பது உண்மை. முதல் வருடம் அந்தச் சங்கடம் இருக்கத்தான் செய்யும். பழைய வருடங்களின் விடுபாட்டை யாரும் அழித்துத் தரவும் முடியாது. ஆனால் அவர் சொல்லும் நிம்மதி, கடன் கேட்காத, இயந்திரம் வாங்காத, வீடு கட்டாத ஆளுக்கான நிம்மதி. வங்கிப் பக்கம் போகாமல் கந்துவட்டிக்காரரிடமும் நகைக்கடனிலும் காலம் தள்ளுபவருக்கு எட்டு சதவீதம் எந்தத் தொந்தரவும் தராது. அந்த வட்டியை வருடக் கணக்கில் கூட்டினால் எந்த வரியையும் விட அதிகமாக வரும் என்பதை மட்டும் பெரியவரிடம் சொன்னேன். "அது என் வேலையில்லையே" என்றார். அங்கேதான் நாங்கள் இருவரும் பிரிகிறோம். அது என் வேலை என்றுதான் நினைக்கிறேன்.

அதனால் மார்ச்சில் யோசனை கேட்பவரிடம் இப்போதெல்லாம் எண்ணைச் சொல்வதில்லை. அடுத்த மூன்று வருடத்தில் என்ன செய்ய உத்தேசம் என்று கேட்கிறேன். கடைக்கென்று தனி நடப்புக் கணக்கு இருக்கிறதா, பையன் பள்ளிக் கட்டணமும் அதிலேயே போகிறதா என்று கேட்கிறேன். குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா என்று கேட்கிறேன். அது இலவசம், ஆதாரும் பானும் போதும், அதற்குப் பணம் வாங்குபவர்களை நம்ப வேண்டாம். அக்காவிடமிருந்து சரக்கெடுக்கும் பெரிய கடைகள் சில தொண்ணூறு நாள் கழித்துப் பணம் தருகின்றன. பதிவுள்ள குறு உற்பத்தியாளருக்கு, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தராத கடை, அந்தக் கொள்முதலை அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது. கொடுக்கும் வருடத்தில்தான் கழிக்கலாம். 2024 மார்ச்சில் இந்த விதி முதன்முதலாகக் கடித்தபோது பல வியாபாரிகள் அலறியது நினைவிருக்கும். வாங்குபவரே எட்டு போடுகிற ஆளாக இருந்தால் இது அவரை ஒன்றும் செய்யாது. அக்காவின் பாக்கிக்காரர்களில் இருவர் தணிக்கைக்கு உட்படும் அளவு பெரியவர்கள். பதிவு எண்ணைப் பில்லில் அச்சடித்த பிறகு, அதில் ஒருவர் மார்ச் முடிவதற்குள் கணக்கை முடித்துவிட்டார். மற்றவர் பதிவில்லாத ஆளிடம் சரக்கெடுக்கப் போய்விட்டார். இரண்டும் நடக்கும்.

வங்கி அந்த 10 லட்சத்தைத் தரவில்லை. சிறு தொழில்களுக்கான முத்ரா கடன் திட்டத்தில் 4 லட்சம் கிடைத்தது. சிறிய இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது, நாள் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தாங்கும். இந்த வருட ரிட்டர்ன் உள்ளபடி போகும், மொய்யோடு. அடுத்த வருடத்ததும் சேர்ந்தால் மறுபடி கேட்கலாம் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார், எழுத்தில் அல்ல.

இதற்கிடையில் அக்காவுக்கு ஊறுகாய் ஆசை வந்திருக்கிறது. அப்பளம் எடுக்கும் கடைகளே ஊறுகாயும் கேட்கின்றனவாம். ஊறுகாய்க்கு ஜிஎஸ்டி உண்டு. வரி உள்ள பொருள் ஒன்று சேர்ந்துவிட்டால், 40 லட்சம் வரம்பைப் பார்க்கும்போது விலக்குள்ள அப்பள விற்பனையையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். முதல் பாட்டில் விற்ற அன்றே அக்கா பதிவு வளையத்துக்குள் வந்துவிடுவார். பூச்சாண்டி என்று நான் சொன்ன நாற்பது இப்போது நிஜமாகவே வாசலில் நிற்கிறது. "மகள் பெயரில் தொடங்கினால்?" என்று கேட்டார். மகளையும் அழைத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். முதல் யார் போடுவது, மாங்காய் வாங்குவதும் ஆள் வைப்பதும் யார், லாபம் யார் கணக்குக்குப் போகும் என்ற மூன்றுக்கும் மகள் வாயிலிருந்து பதில் வந்தால் தனித் தொழில். அக்காவே மூன்றுக்கும் பதில் சொன்னால், ஜிஎஸ்டி பதிவுக்கான விண்ணப்பத்தை அன்றைக்கே நிரப்பிவிடலாம்.